பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே: கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சபையில் சொன்னால் சிலர் ஜெபிக்கிறோம் என்பார்கள், சிலர் புத்தி சொல்வார்கள். எந்த அலுவலகத்துக்குப் போய் எந்தக் காகிதத்தை வாங்கி வைக்க வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எந்த வயதில் எதைத் தவறவிடக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை, அதுதான் காரணம். நாங்கள் ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டில், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. நீங்கள் ஆர்.சி.யோ பெந்தெகொஸ்தேயோ, காகித வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை.

1. இருவரும் ஒருமனப்பட்ட பிறகே ஆரம்பியுங்கள்

ஏன் இதைச் செய்கிறோம் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். ‘உலகம் கெட்டுக் கிடக்கிறது’ என்பது மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டாம் மாதமே சோர்ந்துவிடுவீர்கள். பள்ளியில் ஒரு ஆசிரியரோடு வந்த சண்டைதான் காரணம் என்றால் வேறு பள்ளி பாருங்கள், அது போதும். பிள்ளையோடு நாமே இருக்க வேண்டும், அதன் வேகத்தில் படிக்கட்டும், வேதமும் படிப்பும் ஒரே வீட்டில் ஒரே வாயிலிருந்து வரட்டும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தால் தொடங்கலாம்.

பணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். பெரியவர்களில் ஒருவர் காலை நேரம் முழுக்க வீட்டில் இருந்தாக வேண்டும். இரண்டு சம்பளம் ஒன்றாகிவிடும் வீடுகளில் மிச்சமாகும் பள்ளிக் கட்டணம் அதை ஈடுகட்டாது. இன்னொன்று, எல்லாம் அம்மாவின் தலையில்தான் விடியும். சமையல், துணி, கைக்குழந்தை, அதோடு பாடமும் என்றால் யாராலும் முடியாது. அப்பா ஒரு பாடத்தையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கணக்கும் இரவு குடும்ப ஜெபமும் அவர் பொறுப்பு. அவர் வர இரவு ஒன்பது ஆனாலும் சரி, கணக்கு நோட்டை நான் தொடுவதில்லை.

தாத்தா, ஆச்சிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் வேறு யாரோ சொல்லி அவர்கள் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் ஆற வருடக்கணக்காகும்.

2. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ தண்டனையோ அதில் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சையே அந்தச் சட்டம் எடுக்கவில்லை, அனுமதி என்றும் சொல்லவில்லை, தடை என்றும் சொல்லவில்லை.

ஆகவே, ‘வீட்டுக்கல்விக்கு அரசு அனுமதி வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு அனுமதிக் கடிதத்தைத் தரும் அலுவலகம் கிடையாது.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. சபையில் நாலைந்து குடும்பம் சேர்ந்து, ஆலயத்துப் பின்னால் இருக்கும் ஹாலில் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு டீச்சரைப் போட்டு, மாதம் இவ்வளவு என்று வசூலிக்க ஆரம்பிப்பார்கள். அதற்கும் வீட்டுக்கல்வி என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள். அதிகாரிகள் பார்வையில் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி. அதே சட்டத்தின் 18-ம் பிரிவின்படி அப்படி நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து பாடுவதும் விளையாடுவதும் வேறு. தினசரி வகுப்பு, கட்டணம், வருகைப் பதிவேடு என்று போனால் விலகிக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறையையொட்டி, பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு வீடாக வருவார்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

“பாப்பா எந்த ஸ்கூல்மா?”

“வீட்டுலதான் சார் படிக்கிறா.”

“அப்ப இடைநிற்றல்னு எழுதிக்கட்டுமா?”

இந்த இடத்தில் கோபப்படாதீர்கள், சட்டம் பேசாதீர்கள். அவர் தன் வேலையைத்தான் செய்கிறார். பிள்ளையின் கோப்பை (4-ம் படி பாருங்கள்) எடுத்துக் காட்டி, ‘வீட்டில் கற்கிறாள்’ என்று குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெயிலுக்கு மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தையும் தயாராக வைத்திருங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வீட்டில் கற்பிக்கிறோம், எந்த வகுப்புக்கு இணையான பாடம், எந்த ஆண்டிலிருந்து. அதன் நகல் ஒன்று அவரிடம் போகட்டும்.

3. எதை இழக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள்

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-ல் பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 6-ம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கிறது.

கவனியுங்கள், எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு வரை வீட்டில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேரும் பிள்ளை இவற்றில் எதையும் இழப்பதில்லை. ஆகவே பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது ஒரு முறை நின்று, இனி வீடா பள்ளியா என்று புதிதாக முடிவெடுங்கள். ஐந்து வயதிலேயே ‘பன்னிரண்டாம் வகுப்பு வரை வீடுதான்’ என்று சபையில் சாட்சி சொல்லிவிடாதீர்கள். பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டி வரும்.

முதல் வருடத்திலேயே போய்விடும் சலுகை ஒன்று உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதல்லவா, அதற்கு இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குப் பள்ளிச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் தமிழிலேயே படித்தாலும் அந்தச் சான்றைத் தர ஆள் இல்லை. பிள்ளை அரசு வேலைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிற குடும்பம் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

4. கோப்பு ஒன்று போடுங்கள்

ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளியின் பதிவேடு சாட்சி. நம் பிள்ளைக்கு இந்தக் கோப்புதான்.

பிறப்புச் சான்று: 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இதுதான் ஆதாரம். முதலில் சான்றை எடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் ஞானஸ்நானத்தின்போதுதான் பெயர் வைப்பார்கள். அதற்குள் மருத்துவமனையிலிருந்து பதிவு போய்விடும், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று எங்கே பிறப்பு பதிவானதோ அங்கேதான் போக வேண்டும். தாய்வீட்டில் பிரசவம் என்றால் அந்த ஊருக்கு.

ஞானஸ்நானச் சான்று: சபையில் திருமணம், திடப்படுத்தல் என்று வரும்போது வேண்டும், பத்திரமாக வையுங்கள். ஆனால் அரசு அலுவலகத்தில் இதைப் பிறந்த தேதிக்கு நீட்டாதீர்கள். பெயர்க் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பிறப்புச் சான்றில் ‘ஜோயல்’, ஞானஸ்நானத்தில் ‘ஜோயல் ஆசீர்வாதம்’, ஆதாரில் முன்னால் ஒரு இனிஷியல் என்று மூன்று விதமாக இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தலைமையாசிரியர் இதைப் பிடித்துவிடுவார். நமக்குப் பத்தாம் வகுப்பு விண்ணப்பம் போடும் நாளில்தான் தெரியவரும். பிறப்புச் சான்றில் உள்ள எழுத்துகளே எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

ஆதார்: ஐந்து வயதுக்குள் எடுத்தது நீல நிற அட்டை, அதில் கைரேகை இருக்காது. ஐந்து வயது முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இலவசம். பள்ளிகளில் இதற்கு முகாம் போடுவார்கள், நம் பிள்ளைக்கு அந்த முகாம் இல்லை. நாமேதான் அழைத்துப் போக வேண்டும். விட்டுவிட்டால் எண் முடக்கப்படலாம்.

சாதிச் சான்று: இ-சேவை மையத்தில் 60 ரூபாய். பெற்றோரின் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பிள்ளையின் புகைப்படம், பிறப்புச் சான்று கொண்டுபோங்கள். மையத்தில் இருப்பவர் பள்ளிச் சான்று கேட்பார். இல்லை என்று சொல்லி, அந்த இடத்தில் பிறப்புச் சான்றை ஏற்றச் சொல்லுங்கள். கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர், கிறிஸ்தவ நாடார் என்று பிரிவின் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பிற்பட்ட வகுப்புச் சலுகை நிற்கிறது. பெற்றோரின் சான்றில் உள்ள வார்த்தைகளையே ஒப்பிட்டு, சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் படித்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பிறகு திருத்துவதற்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா என்று திரும்பச் சுற்ற வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ்: பிள்ளை ஏற்கெனவே ஒரு பள்ளியில் இருந்து நிற்கிறது என்றால், சும்மா நிறுத்திவிடாதீர்கள். எழுத்தில் விண்ணப்பித்து டி.சி. வாங்குங்கள். எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்) குறித்துக்கொண்டு, அந்தப் பள்ளி தன் பட்டியலிலிருந்து பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிட்டதா என்று கேளுங்கள். விடுவிக்காவிட்டால் கணினியில் பிள்ளை இன்னும் அந்தப் பள்ளியில்தான் இருக்கும். நாளை வேறு பள்ளியில் சேர்க்கும்போது அவர்களால் பெயரை ஏற்ற முடியாது. நாங்கள் பட்ட பாட்டில் இதுதான் பெரிது. டி.சி. கையில் இருந்தது, கணினியில் விடுதலை இல்லை, பழைய பள்ளி அலுவலகத்தில் ‘சார் லீவு’ என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கற்றதற்குச் சாட்சி: மாதம் ஒரு எழுத்துப் பக்கம், ஒரு கணக்குப் பக்கம், ஒரு படம், தேதி போட்டு. வருடக் கடைசியில் வாசித்த புத்தகங்களின் பட்டியல். இவ்வளவு போதும்.

5. புத்தகமும் செலவும்

புதிதாக ஆரம்பிக்கிறவர்களில் பலர் முதலில் போய் விழும் இடம் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள். பெட்டி பெட்டியாக வண்ணப் புத்தகம், ஒவ்வொரு பக்கத்திலும் வசனம், அம்மா என்ன பேச வேண்டும் என்பது வரை அச்சடித்திருக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். விலை டாலரில், அதோடு அனுப்பும் செலவு, சுங்க வரி. அதுகூடப் பரவாயில்லை. கணக்குப் புத்தகத்தில் பிள்ளை நிக்கல், டைம் என்ற அமெரிக்கக் காசுகளை எண்ணிக்கொண்டிருக்கும், அங்குலமும் பவுண்டும் படிக்கும், நவம்பரில் நன்றி கூறும் நாளுக்கு வான்கோழி வரையும். தமிழ் ஒரு வரி இருக்காது.

இரவல் கிடைத்தால் கதைகளுக்கும் ஆங்கில ஒலிப்பு முறைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பாகத் தமிழ்நாட்டுப் பாடநூல்களை வையுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகம் ஒரு வகுப்புக்குச் சில நூறு ரூபாய்தான். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றையும் எடுங்கள். நாளை பிள்ளை பள்ளிக்குத் திரும்பினால் அதே புத்தகம்தான் காத்திருக்கும்.

அறிவியலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிர்களின் தோற்றமும் பரிணாமமும் ஒரு முழுப் பாடம். சில பெற்றோர் அந்தப் பேச்சே பிள்ளை காதில் விழக் கூடாது என்று ஒதுக்கிவைத்திருப்பார்கள். விசுவாசத்தில் உங்கள் நிலை எதுவாக இருந்தாலும், பாடம் என்ன சொல்கிறது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாமல் வளர்த்தால் மறைத்துவிட்டார்கள் என்றுதான் பதினைந்து வயதில் நினைக்கும்.

எங்கள் வீட்டுச் செலவு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை. பாதிக்கு மேல் கதைப் புத்தகங்களுக்கும் நீச்சல் வகுப்புக்கும் போகிறது. பாடப் புத்தகம், நோட்டு, வண்ணங்கள் எல்லாம் மூவாயிரத்தைத் தாண்டியதில்லை.

6. எவ்வளவு நேரம்

பள்ளி ஆறேழு மணி நேரம் நடக்கிறது என்பதற்காக வீட்டிலும் அப்படி உட்கார வைக்காதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு எடுப்பதை ஒரு பிள்ளைக்கு எடுக்கக் கால்வாசி நேரம் போதும். நாலு, ஐந்து வயதில் அரை மணி. ஆறு, ஏழு வயதில் ஒன்றரை மணி நேரம், அதையும் இரண்டாகப் பிரித்து. எட்டு, ஒன்பதில் இரண்டரை மணி. ஆறு வயது வரை நோட்டும் பேனாவும் எடுக்காமல் இருந்தால்கூட ஒன்றும் குறைந்துவிடாது. தாம்பாளத்தில் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதட்டும், புளியங்கொட்டையை எண்ணட்டும். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னால் ஓடுவது போலத் தோன்றும். தோன்றட்டும்.

எங்கள் வீட்டில் காலை ஜெபம் முடிந்து, இட்லித் தட்டு கழுவி, ஒன்பதுக்கு உட்காருவோம். பதினொன்றரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். மளிகைச் சீட்டை எழுதுவது மகள்தான். ‘கடலைப்பருப்பு’ என்பதில் ல-வா ள-வா என்று அவள் யோசிப்பதும், அண்ணாச்சி கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் பாடத்தில் சேர்த்தி.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அட்டவணை போடாதீர்கள். குழந்தை தூங்குகிற நேரம்தான் பள்ளி நேரம்.

7. வேதத்தைப் படிப்பாக்கிவிடாதீர்கள்

நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் அபாரமாக வரும். ஐந்து வயதில் 23-ம் சங்கீதத்தை ஒப்பிக்கும். வசனப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்து ‘வாசிக்க’வும் செய்யும். பார்க்கிறவர்கள் பிள்ளை வாசிக்கிறது என்று நினைப்பார்கள். சோதித்துப் பாருங்கள்: வசனத்தின் நடுவில் ஒரு வார்த்தையில் உங்கள் விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். பிள்ளை வசனத்தை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்த வார்த்தையைச் சொன்னால், வாசிப்பு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் காதுக்கு இனிமை, மனப்பாடத்துக்கு அருமை. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அது கடினம். வாசிப்பைச் சின்னச் சின்ன வாக்கியக் கதைப் புத்தகத்தில் பழக்கிவிட்டு, அப்புறம் வேதாகமத்தைக் கையில் கொடுங்கள்.

தண்டனையாக வசனம் எழுத வைப்பது கூடவே கூடாது. பொய் சொன்னதற்கு ஒரு வசனத்தை ஐம்பது தடவை எழுதிய பிள்ளைக்கு அந்த வசனம் வாழ்நாள் முழுக்க கைவலியாகத்தான் ஞாபகம் இருக்கும். பிரம்பைப் பற்றி நீதிமொழிகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் சபையில் இருப்பார்கள். பள்ளியில் அடித்தால் பிள்ளைக்கு வீடு என்று ஒரு புகலிடம் உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளையை வீட்டிலேயே அடித்தால் அது எங்கே போகும்? நாங்கள் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். பாடம் நடக்காத நாளில் நோட்டை மூடிவிட்டு எல்லாரும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோம்.

குடும்ப ஜெபம் பத்து நிமிடம். ஒரு பாட்டு, ஐந்தாறு வசனம், பிள்ளைகள் சொந்த வார்த்தையில் ஒரு சின்ன ஜெபம். பெரியவர்கள் நீட்டி ஜெபிக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

8. உடம்பும் சிநேகிதமும்

பள்ளியில் தானாக நடக்கிற சுகாதார வேலைகள் நமக்குத் தானாக நடக்காது. ஐந்து முதல் ஆறு வயதுக்குள் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்குவிப்பு, பத்து வயதில் டி.டி. ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள், இலவசம். குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் கொடுப்பார்கள். நீங்கள் பிள்ளையை அங்கன்வாடிக்கு அழைத்துப் போய்க் கேட்டு வாங்குங்கள், பள்ளி செல்லாத பிள்ளைகளுக்கும் உண்டு. கண், பல் சோதனை வருடம் ஒரு முறை.

சிநேகிதத்துக்கு ஞாயிறு பள்ளி, மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ், அசன விழாவில் பந்தி பரிமாறுவது எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவ்வளவிலும் நம் ஆட்களே. தெருவில் சாயங்காலம் விளையாடுகிற பிள்ளைகளோடு, இந்துவோ இஸ்லாமியரோ, தினமும் ஒரு மணி நேரம் இருக்கட்டும். சண்டை போட்டு, தோற்று, மறுநாள் திரும்பிப் போவதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

9. பள்ளிக்குத் திரும்புவதானால்

கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவின்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு வரை இது செல்லும். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்று 13-ம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளியில் இது சிக்கலில்லாமல் நடக்கும். மே மாதக் கடைசியில் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், கோப்பைக் காட்டுங்கள், ஜூனில் சேர்த்துவிடலாம்.

பொறி எங்கே என்றால், நம்முடைய மிஷன் பள்ளிகளில். ‘நம்ம பள்ளிக்கூடம்தானே, போதகர் ஐயர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்’ என்று இருந்துவிடாதீர்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின்படி அங்கே 4-ம் பிரிவைக் காட்டி உரிமை கேட்க முடியாது. தேர்வு வைத்து, ஒரு வகுப்பு குறைத்துத்தான் சேர்ப்போம் என்றால் அவர்கள் விருப்பம். மிஷன் பள்ளிதான் வேண்டும் என்றால் ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள். தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்களும் நுழைவு வகுப்பில் மட்டும்தான், நடுவில் கிடைக்காது.

10. பள்ளிக்குத் திரும்பாமலே தேர்வு எழுதுவதானால்

பத்து வயதில் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இரண்டாவது கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியம். பாடத்துக்குப் பல ஆயிரம் ரூபாய், நம்மைப் போன்றவர்களுக்குத் தாங்காது.

மூன்றாவதுதான் பெரும்பாலோர் எடுப்பது: தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசின் நிறுவனம், 1989-ல் தொடங்கியது, சென்னையில் மண்டல மையம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் ‘என்னால் இந்தப் படிப்பைப் படிக்க முடியும்’ என்ற சுய அறிவிப்பு கொடுத்துச் சேரலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் மொழி ஒன்றாவது இருக்க வேண்டும். தமிழ்வழியிலும் எழுதலாம். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு பாடம் இந்த முறை, இரண்டு பாடம் அடுத்த முறை என்று பிரித்து எழுதலாம். ஐந்து பாடத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய் அளவில் வரும், பெண்பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று தனி.

இதையே ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று இருபது, முப்பதாயிரம் கேட்கும் பயிற்சி மையங்கள் எல்லா ஊரிலும் உண்டு. விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம். பிறப்புச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து ஸ்கேன், கட்டணச் சலுகை கேட்பதென்றால் சாதிச் சான்று. இவ்வளவுதான். வழக்கமாக ஏப்ரல் தேர்வுக்கு முந்தைய வருடம் மார்ச் 16 முதல் ஜூலை 31 வரையும், அக்டோபர் தேர்வுக்கு முந்தைய வருடம் செப்டம்பர் 16 முதல் தேர்வு வருடத்து ஜனவரி 31 வரையும் சேர்க்கை நடக்கும். கடைசித் தேதி தாண்டினால் தாமதக் கட்டணம். தேர்வு மையம் மாவட்டத் தலைநகரில்தான் விழும் என்று சொல்ல முடியாது, ஆகவே தேர்வு நாட்களில் அப்பாவுக்கு விடுப்பு கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். ஒப்படைப்புகளுக்கு (வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் பயிற்சிகள்) 20 சதவீத மதிப்பு உண்டு. அவற்றை எழுதி, தேதிக்குள் ஏற்றிவிட்டு, ரசீதை அச்செடுத்து அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.